வாரத்துக்கு விட்ட ஆடு

1

இந்த மார்ச் மாதத்தோடு நான் பின்லாந்துக்கு வந்து பதினோரு வருடம் முடிந்தது. அந்த நாளைக் கேக் வெட்டிக் கொண்டாடவில்லை. குடியேற்ற அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒரு தாள் குறைகிறது, நேரில் வாருங்கள் என்று கடிதம் வந்திருந்தது. கடிதம் "திருமதி முனுசாமி" என்று ஆரம்பித்தது.

முனுசாமி என் அப்பா. திருவண்ணாமலையில் இருந்தவரை என் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தும் புள்ளியுமாகச் சத்தமில்லாமல் இருந்தவர். இங்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் வேண்டுமாம். அந்த ஓர் எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்றிலிருந்து மருத்துவரிடம் போனால் முனுசாமி, மின்சார ரசீதில் முனுசாமி, நூலகத்தில் புத்தகம் திருப்பித் தராவிட்டாலும் முனுசாமிக்குத்தான் எச்சரிக்கை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்திருப்பார்.

கவுண்டரில் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். "எவ்வளவு காலமாக இங்கே வசிக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு ரோஷம். பின்னிஷிலேயே சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். அந்த மொழியில் எண்ணிக்கையோடு வருடத்தைச் சொன்னால் 'வுவோத்தா'. ஆட்டைச் சொன்னால் 'வுவோஹ்தா'. நடுவில் ஒரு மூச்சுதான் வித்தியாசம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று, "நான் இங்கே பதினோரு ஆடுகளாக வசிக்கிறேன்" என்றேன்.

அந்த அம்மாள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "எல்லாவற்றையும் கூட்டி வந்தீர்களா, இங்கே வந்து பெருகினவையா?" என்று கேட்டார்.

பக்கத்தில் என் மகள் இனியா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நாலு வயதில் என் இடுப்பில் உட்கார்ந்து விமானம் ஏறியவள், இப்போது பதினைந்து. என்னோடு வெளியே வருவதே அவளுக்குத் தண்டனை. கைகளை எடுக்காமலேயே அந்த அம்மாளிடம் சுத்தமான பின்னிஷில், "என் அம்மாவுக்கு ஆடுதான் வேலை. எந்நேரமும் அதே நினைப்பு. மன்னிக்கவும்" என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை.

2

என் வேலையை ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. இங்கே தம்பரே நகரத்தில், கணினி விளையாட்டு செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். விளையாட்டில் ஒரு மலை. அதைச் சுற்றிப் பதினான்கு கிராமங்கள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அந்தக் கிராமங்களில் குடியேறி ஆடு வளர்ப்பார்கள், பால் விற்பார்கள், சந்தைக்குப் போவார்கள். படம் வரைவதும் நிரல் எழுதுவதும் மற்றவர்கள். விதி எழுதுவது நான். மழைக்கு எவ்வளவு புல் முளைக்கும், ஓர் ஆடு எவ்வளவு தின்னும், புல் குறைந்தால் பால் எவ்வளவு குறையும், பால் குறைந்தால் விலை எப்படி ஏறும் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று ஓடும் விதிகள்.

முதல் வரைபடத்தை நான்தான் போட்டேன். எங்கள் குழுவின் தலைவி ஹன்னா அதைப் பார்த்துவிட்டு, "இந்தச் சாலை ஏன் மலையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது? எந்த ஊருக்கும் போகாதா?" என்று கேட்டாள். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. "சுற்றி வந்தால் போதும்" என்றேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

என் பெருமை முழுவதும் பிறப்பு விதியில் இருந்தது. பெரும்பாலான விளையாட்டுகளில் ஆடு வேண்டுமென்றால் கடையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஆடு வந்து நிற்கும். எங்களுக்குள் அதைப் பொத்தான் ஆடு என்போம். என் ஆடு அப்படி வராது. ஒவ்வொரு ஆட்டுக்குள்ளும் பன்னிரண்டு ஜோடிச் சீட்டுகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சீட்டு தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. சில கெட்ட சீட்டுகள் தனியாக இருந்தால் வெளியே தெரியாது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றே வந்து சேர்ந்தால்தான் குட்டி நோஞ்சானாகப் பிறக்கும். இயற்கையில் நடப்பதுதான். அதை உடையாமல் விளையாட்டுக்குள் கொண்டுவர எனக்கு மூன்று வருடம் ஆனது.

பிரச்சினை, சோதனைக்காக விளையாடுகிறவர்களிடம் வந்தது. நிறையப் பால் தரும் பெட்டைகளுக்குத் தகப்பனான ஒரு கிடாவை யாரோ கண்டுபிடித்தார்கள். உடனே பதினான்கு கிராமத்துக்கும் அதே கிடாதான் வேண்டும். ஆறு தலைமுறையில் மலையில் இருந்த அத்தனை ஆடும் அண்ணன் தங்கை. பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லா ஆட்டுக்கும் ஒரே உடம்பு, அதனால் எல்லாம் ஒன்றாகப் படுத்தன. புல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து தின்ன ஆளில்லாமல் நின்றது. சந்தை மூடிற்று. விளையாடுகிறவர்களும் போய்விட்டார்கள். தடை போட்டேன், அபராதம் போட்டேன், கிடாவின் வயதைக் குறைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சந்து கண்டுபிடித்து நுழைந்தார்கள். எட்டு முறை உலகத்தை ஆரம்பித்தேன். எட்டு முறையும் ஆடு செத்தது.

ஹன்னா நல்லவள். கோபப்படாமல் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "மே மாதக் கடைசி வரை பார்ப்போம். அதற்குள் ஆடுகள் பிழைத்தால் உன் விதி இருக்கும். இல்லையென்றால் பொத்தான்தான்." நல்லவர்கள் வைக்கிற கெடுவுக்குத்தான் எனக்குப் பயம் ஜாஸ்தி, அவர்களோடு சண்டை போட முடியாது. அன்று கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

3

இதெல்லாம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நேர்முகத் தேர்வுகளில் கேட்பார்கள். அதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் கதை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் ஆட்டுப் பட்டி. நான் அரசுக் கல்லூரியில் விலங்கியல் கடைசி வருடம் படித்தபோது ஆட்டுக்கொல்லி நோய் வந்தது. மூக்கு ஒழுகும், வாயில் புண் வரும், கழியும், அவ்வளவுதான். பத்து நாளில் பத்தொன்பது ஆடும் போயின. அதில் பௌர்ணமி வேறு வந்தது. வாசலில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கிரிவலம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று அப்பா செத்த ஆடுகளைச் சாக்கில் சுற்றி, கொல்லைப் பக்கமாக வரப்பில் தூக்கிக்கொண்டு போனார். அம்மா முன்பக்கம் வழக்கம்போல் மோர் விற்றுக்கொண்டிருந்தாள். ஏன் ஒன்றுகூடத் தப்பவில்லை என்ற கேள்வியோடுதான் நான் மேலே படிக்க அடுத்த வருடம் சென்னைக்குப் போனேன். அங்கிருந்து இங்கே, பனிப்பிரதேச மான்களின் மரபை ஆராயும் படிப்புக்கு. மான் முடிந்து மறுபடி ஆடு. கதை எப்போதும் காலியான பட்டியோடு முடியும். பெரும்பாலும் வேலையும் கிடைக்கும்.

இப்போது அந்தப் பட்டியைப் பார்த்துக்கொள்வது என் தம்பி ஏழுமலையின் மனைவி செல்வி. தம்பிக்குச் செங்கம் ரோட்டில் இருசக்கர வண்டி உதிரிபாகக் கடை. அவனுக்கு ஆட்டின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்பது மட்டும் தெரியும். செல்விக்கு ஆடும் தெரியும், ஊரும் தெரியும். மகளிர் குழுவுக்கு அவள்தான் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். ஏப்ரலில் ஒருநாள், "என் ஆடுங்க எல்லாம் செத்துப் போகுது செல்வி" என்றேன், விளையாட்டாகத்தான்.

அவள் பதறிப் போனாள். "ஐயோ! ஊசி போட்டீங்களா அண்ணி?"

"கம்ப்யூட்டர் ஆடும்மா அது."

"கம்ப்யூட்டர் ஆடுன்னா ஊசி வேணாமா? அதுக்குந்தான் நோவு வருதுன்றீங்களே."

விவரத்தைச் சொன்னேன். ஒரே கிடா என்றதும் அவள் முகம் கோணியது. "எத்தினி வருசமா அதே கெடா? அப்பனுக்கும் பொண்ணுக்கும் சேந்துடுமே! அதையும் ஒரே எடத்துல கட்டி வெச்சிக்கினு இருந்தா அப்டித்தான் ஆவும். நாங்கல்லாம் அப்டியா வெச்சிக்கினு இருக்கோம்?"

அதற்குள் என் அடுப்பில் பருப்பு தீய்ந்தது. "நீங்க எப்டி வெச்சிருக்கீங்கன்னு விவரமா ஒரு வாய்ஸ் போட்டுடு" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

4

இங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் ஏதாவது ஒரு வேலையிடத்துக்குப் போய்ப் பழக வேண்டும். பள்ளிக்கூடத்து ஏற்பாடு. இனியா நாய் மருத்துவமனைக்கு எழுதிப் போட்டாள், கிடைக்கவில்லை. ரொட்டிக் கடைக்கு எழுதிப் போட்டாள், கிடைக்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், தூக்கு மேடைக்கு வருகிற மாதிரி என் அலுவலகத்துக்கு வந்தாள். அங்கே என்னைத் தெரியாதவள் போலவே இருந்தாள். சாப்பாட்டு வேளையில் வேறு மேசை.

என்ன வேலை தருவது? செல்வியின் குரல் செய்தி இரண்டு நிமிடத்துக்கு வந்திருந்தது. விதிகளைக் கட்டங்கட்டமாக நிரப்பும் ஒரு அட்டவணை எங்களிடம் உண்டு. யார் தரலாம், யாருக்குத் தரலாம், எவ்வளவு காலம், பிறக்கும் குட்டி யாருக்கு என்று கேட்கும். "அத்தை சொல்றதைக் கேட்டு இதுல ஒரு வரியா நிரப்பு. நிரப்பிட்டு ஓட விடு. எட்டு தடவை செத்தாச்சு, ஒன்பதாவது செத்தா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு நான் கூட்டத்துக்குப் போய்விட்டேன். அன்று வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை காலையில் வந்து திரையைப் பார்த்தால் மலையில் ஆடு மேய்கிறது.

முதலில் உலகம் ஓடவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஓடியிருந்தது. சனி ஞாயிறில் சோதனைக்காரர்கள் விளையாடி, வழக்கமாக ஆடுகள் சாகிற இடத்தைத் தாண்டி எவ்வளவோ விளையாட்டு வருடம் போயிருந்தது. காய்ச்சல் மூன்று முறை வந்திருந்தது. ஒருமுறை நாலு கிராமம் காலியாகியிருக்கிறது. பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆடு வந்து அந்த நாலும் மறுபடி நிறைந்திருக்கின்றன. கறுப்பும் செவலையும் புள்ளியுமாக எல்லா நிறமும் இருந்தன. ஹன்னாவைக் கூப்பிட்டேன், எல்லாரும் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார். இனியா தூரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போன பிறகுதான் அவள் நிரப்பிய வரியைப் படித்தேன். பெட்டை ஆட்டை வேறு வீட்டுக்குத் தரலாம். காலம்: ஏழு நாள். பிறகு திரும்பிவிடும். பிறக்கும் குட்டியில் பாதி அவர்களுக்கு, பாதி நமக்கு.

ஏழு நாளா? செல்வியின் குரலைப் போட்டுக் கேட்டேன். "நான் எல்லாத்தையும் ஒரே பட்டியில வெச்சிக்க மாட்டேன் அண்ணி. பெட்டைங்கள வாரத்துக்கு வுட்டுடுவேன். நாலு ஊட்ல இருக்குது. பொறக்கற குட்டில பாதி அவங்களுக்கு, பாதி எனக்கு. அங்க கெடா வேற, இங்க கெடா வேற. இங்க ஒண்ணு ஆனாலும் அங்க நிக்கும்."

வாரத்துக்கு! எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்ததாகக் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும், ஆனால் வந்தால் போகாது.

"இனியா, வாரம்னா என்ன?"

"ஏழு நாள்." இதுகூடத் தெரியாதா என்கிற முகம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஞாயிறு திங்கள் என்று பாட்டாகவே பாடிப் படித்தவள்.

"அந்த வாரம் இல்லடி இது. பங்கு. ஆட்டை வாரத்துக்கு விடறதுன்னா, அவங்க வீட்லயே வளரும், வர்றதைப் பங்கு பிரிச்சுக்கறது. வருஷக் கணக்குல இருக்கும். ஏழு நாள்ல திரும்பி வர்றதுக்கு ஆடு என்ன டூரா போகுது? பதினஞ்சு வயசாச்சு, நம்ம பேச்சுல ஒரு வார்த்தை ஒழுங்காத் தெரியல உனக்கு."

அலுவலகத்தில், எல்லார் எதிரிலும், தமிழில்தான் கத்தினேன். அர்த்தம் புரியாவிட்டாலும் திட்டுகிறேன் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இனியாவின் கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. பின்னிஷில், மெதுவாகச் சொன்னாள்: "யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. நம் வீட்டில் ஆடு இல்லையே, அம்மா."

பதினோரு வருடமாக வீட்டில் அரிசி, பருப்பு, குளித்தாயா, படித்தாயா என்பதைத் தாண்டி நான் அவளிடம் தமிழில் என்ன பேசியிருக்கிறேன்?

5

சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டடத்தில் எங்கள் இருவரைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் இல்லை. ஆடு பிழைத்துவிட்டது, விதி நின்றுவிட்டது, வாயை மூடிக்கொண்டால் போதும். இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். நான் எங்கள் ஊர் வழக்கத்தை ஆராய்ந்து கொண்டுவந்ததாக ஹன்னா மேலிடத்துக்கு எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு நன்றி என்றுகூடப் பதில் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் இனியா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பழகும் நாட்கள் முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குத் தர வேண்டிய அறிக்கை. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. அதில் ஆறாவது கேள்வி: நீ என்ன தவறு செய்தாய், அதிலிருந்து என்ன கற்றாய்? அவள் நடந்தது நடந்தபடி எழுதியிருந்தாள். "ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது எனக்குத் தெரியாது. அதனால் தவறான விதியை எழுதினேன். ஆடுகள் பிழைத்தன." கீழே கையெழுத்துப் போட வேண்டியது ஹன்னா.

"நீ சொல்றியா, நான் குடுக்கவா?" என்றாள், தமிழில்.

நானே போய்ச் சொன்னேன். ஹன்னா படிவத்தை இரண்டு முறை படித்தாள். மேலிடத்துக்கு எழுதியதை நினைத்துக் கொஞ்சம் முகம் வாடினாள். பிறகு கேட்டாள்: "பிழைக்கவைத்தது தப்பான விதி. சரியான விதி என்ன செய்யும்?"

"தெரியாது. ஓட்டிப் பார்க்கவில்லை."

"அப்படியென்றால் இரண்டையும் ஓட்டு. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்தச் சொல் என்ன? வாராமா?" அவள் சிரித்தாள். "எங்கள் மொழியில் வாரா என்றால் ஆபத்து. கிழக்குப் பக்கம் போனால் வாரா என்றால் மலை. பெயரை மாற்றாதே, நன்றாக இருக்கிறது."

சரியான விதியை எழுத எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆடு செத்தால் யார் பொறுப்பு? ஒற்றைக் குட்டி போட்டால் யாருக்கு? இனியா தானே செல்வியைக் கூப்பிட்டாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரு குட்டிதான் போட்டா, அத்தை?"

"மொத ஈத்து அவங்களுக்கு, அடுத்த ஈத்து நமக்கு. காத்துக்கினு இருக்கணும்."

"பால்?"

"பாலும் எருவும் வளக்கறவங்களுக்குடி. தழை ஒடிச்சிப் போடறது யாரு?"

"செத்துப் போனா?"

"நோவுல செத்தா யாரும் யாரையும் கேக்கக்கூடாது. பாக்காம வுட்டு செத்தா, அது அவங்கவங்க மனசு."

இனியா அட்டவணையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். "அத்தை, மனசுக்கு அட்டவணைல கட்டம் இல்ல." அந்தப் பக்கம் செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னதுதான் என்னைக் கத்தியைக் கீழே வைக்கவைத்தது.

"உங்க தாத்தா பண்ணதுதாண்டி இதெல்லாம். அந்த வருசம் பட்டில எல்லாம் பூடுச்சி இல்ல, அப்ப ரெண்டு பெட்டைய வேங்கிக்கால் பக்கம் ஒரு ஊட்ல வாரத்துக்கு வுட்டுருந்தாராம். அதுங்க மட்டும் நின்னுது. அதுல வந்ததுதான் இப்ப நம்ம பட்டில இருக்கற அத்தினியும். உங்கம்மாவுக்குத் தெரியுமே, கேளு."

உங்கம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருக்கும், யாராவது கடிதத்திலோ போனிலோ சொல்லியிருப்பார்கள், நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். காலியான பட்டியோடு சென்னைக்குப் போனவள், அது மறுபடி எப்படி நிறைந்தது என்று கேட்கவே இல்லை. ஒன்றுகூடத் தப்பவில்லை என்று இத்தனை வருடமாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இரண்டு தப்பியிருந்தன. அப்பா தப்பவைத்திருக்கிறார். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நன்றாக அழுதேன்.

இரண்டு விதியும் சேர்ந்து ஓடின. ஏழு நாளைக்கு விட்ட ஆடு வேறு கிடாவின் சினையோடு திரும்பியது. பங்குக்கு விட்ட ஆடு நோய் வராத ஊரில் தங்கி நின்றது. மே மாதக் கடைசியில் ஹன்னா மேலிடத்தாரைக் கூட்டி வந்து மலையைக் காட்டினாள். பொத்தான் ஆட்டைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். விளையாட்டில் இரண்டு விதிக்கும் ஒரே பெயர்தான், வாரம். மனசு என்ற கட்டத்தைச் சேர்த்தோம், அதில் என்ன எழுதுவது என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. காலியாக இருக்கிறது.

6

ஜூனில் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். என் சான்றிதழ் ஒன்றில் முன்னெழுத்து, இன்னொன்றில் முழுப்பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று, குடியேற்ற அலுவலகம் கேட்ட அந்தத் தாளை எழுதி வாங்க வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்கு நாலு நாள் அலைந்தேன். அங்கிருந்தவர், "வெளிநாட்ல என்ன மேடம் பண்றீங்க?" என்றார். "ஆட்டுக்கு விதி எழுதறேன்" என்றேன். "கால்நடைத் துறையா? அது பக்கத்து பில்டிங்" என்று அனுப்பிவிட்டார். நானும் வெயிலில் பாதி தூரம் நடந்துவிட்டேன்.

நான் அலைந்த நாலு நாளும் இனியா செல்வியின் பின்னால் அலைந்திருக்கிறாள். வாரத்துக்கு விட்ட ஆடுகளைப் பார்க்க நாலு வீட்டுக்கும் வண்டியில் போயிருக்கிறார்கள். ஏழு நாள் விதியை அவள் சொல்ல, செல்வி அதை மகளிர் குழுவில் சொல்லிவிட்டாள். கிடாவை ஒரு வாரத்துக்கு ஒரு வீடு என்று மாற்றிக்கொள்ளலாமா என்று அங்கே ஒரே விவாதமாம். "உங்க பொண்ணு தப்பாப் புரிஞ்சிக்கினதுல ஒரு விஷயம் இருக்குது அண்ணி" என்றாள் செல்வி. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. மூன்று வருடம் உழைத்தது நான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஏழுமலை பட்டியிலிருந்து ஒரு செவலைப் பெட்டையைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். "இந்தா இனியா. நீ பெரிய மனுஷி ஆனப்ப மாமன் சீர் செய்ய முடியல. நீ அங்க இருந்த. இதான் சீர்னு வெச்சிக்கோ."

இனியாவுக்கு ஆட்டைத் தொடவும் ஆசை, பயமும். "நான் நாளைக்குப் போயிடுவேனே மாமா. நான் எப்படி வளக்கறது?"

செல்வி தழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள். "அதுக்குத்தானேடி வாரம்! கிட்ட இருக்கறவங்களுக்கு அது எதுக்கு? தூரத்துல இருக்கறவங்களுக்குத்தான். ஆடு உன்னுது. நான் வாரத்துக்கு வளக்கறேன். குட்டி பாதி உனக்கு, பாதி எனக்கு. சம்மதமா, சொல்லு."

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. வேறு வீட்டுக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில் கேட்டாள். இனியாவும் அதைப் புரிந்துகொண்டு நேராக நின்று, "சம்மதம்" என்றாள். நானும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் இருவரையும் அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

7

இப்போது நவம்பர். இங்கே மூன்றரை மணிக்கே இருட்டுகிறது. குடியுரிமைக் கடிதம் இன்னும் வரவில்லை. அதைப் பற்றி நான் அதிகம் நினைப்பதில்லை.

போன ஞாயிறு இனியாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. என் போனுக்கு வரவில்லை, அவளுக்குத்தான் வந்தது. செவலை இரண்டு குட்டி போட்டிருந்தது. ஈரம் காயாமல் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. கூடவே செல்வியின் குரல்: "ரெண்டு போட்டுருக்குதுடி. கறுப்பு கெடா, செவலை பெட்டை. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. எது வேணும்?"

இனியா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். என்னைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். மனதுக்குள் பதிலும் தயாராக இருந்தது. அவள் கேட்கவில்லை. உடனே வீடியோவில் கூப்பிட்டாள்.

"அத்தை, இதுக்கு அப்பன் எந்த ஊரு கெடா?"

"நீ பாத்தியே அந்த நாலு ஊடு, அதுல ஒண்ணுலருந்து ஒரு வாரத்துக்கு வந்திருந்துது, அந்தக் கெடாதான். நீ சொன்ன கணக்குதான்."

"அப்ப பெட்டை எனக்கு. ஆனா நம்ம பட்டில வெக்காதீங்க. பால் குடி மறந்ததும் வேற ஊட்டுக்கு வாரத்துக்கு வுட்டுடுங்க."

ஊட்டுக்கு என்றாள். வுட்டுடுங்க என்றாள். சனிக்கிழமை வகுப்பில் யாரும் அப்படிச் சொல்லித் தரமாட்டார்கள். நானும் சொல்லித் தரவில்லை.

செல்வி சீண்டிப் பார்த்தாள். "எந்த வாரத்துக்குடி? ஏழு நாளைக்கா?"

"இல்ல அத்தை," என்றாள் இனியா. "நான் வர்ற வரைக்கும்."